கை காட்டினால் நிற்கும் வண்டி

போன வாரம் கங்கா பித்தளை அண்டாவைத் தேய்த்த தேய்ப்பில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து இடம் மாறிப் படுத்ததோடு விட்டிருந்தோம். அண்டா என்னய்யா பாவம் செய்தது என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். அண்டா ஒன்றும் செய்யவில்லை, தாயே. எல்லாம் செய்தது முத்துச்செல்வி. அவள்தான் பஸ் டிரைவர் ஆகிவிட்டாளே!

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு நாலு வரி. பிள்ளைப்பாக்கத்தில் ஒரே வீட்டில் அண்ணன் குடும்பம், தம்பி குடும்பம். அண்ணன் பகலவன் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் மனைவிதான் நம் கங்கா. தம்பி அன்புக்கு ஒரு கிடங்கில் நைட் ஷிஃப்ட். அவன் மனைவி முத்துச்செல்வி திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். சுங்குவார்சத்திரத்தில் ஹாஸ்டலில் தங்கி, கம்பெனி லைனில் நின்று செல்போன் பாகங்களைப் பூட்டிக்கொண்டிருந்தவள், அன்புவைப் பார்த்தாள், பிடித்தது, கட்டிக்கொண்டாள்.

அந்த முத்துச்செல்வி இன்று புது எலெக்ட்ரிக் மினி பஸ்ஸை ஓட்டப் போகிறாள். எந்த ரோட்டில்? கங்காவின் புருஷன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறானே, அதே ரோட்டில்.

இப்போது சொல்லுங்கள். அண்டாவைத் தேய்க்காமல் வேறு என்ன செய்வாள்?

"அக்கா, போயிட்டு வாரேன். முத நாளு. ஒரு வார்த்த நல்லபடியா சொல்லி அனுப்புங்க."

சமையலறை வாசலில் முத்துச்செல்வி நின்றாள். நீலச் சட்டை, நீல பேண்ட், கறுப்பு ஷூ, நெஞ்சில் பேர் எழுதின பட்டை. கங்கா ஒரு தடவைதான் பார்த்தாள். அந்த ஒரு தடவையிலேயே சட்டைக் காலர் முதல் ஷூ நாடா வரைக்கும் பார்த்துவிட்டாள். சட்டை அவளுக்கென்றே தைத்த மாதிரி இருந்தது. அது வேறு எரிச்சல்.

முத்துச்செல்வி காலைத் தொடக் குனிந்தாள். கங்கா சட்டென்று பின்னால் நகர்ந்தாள்.

"கையெல்லாம் மாவா கீது. அப்பால பாக்கலாம் போ."

"கால்லதானக்கா விழுதேன். மாவு கையிலதான இருக்கு" என்று சிரித்தாள் முத்துச்செல்வி.

இந்தச் சிரிப்புதான் கங்காவுக்கு ஆகாது. இவள் கொஞ்சம் கெட்டவளாக, வாயாடியாக, திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்துத் தொலைத்திருக்கலாம். அதற்கும் வழி வைக்கவில்லை பாவி.

"நல்லா இரு" என்றாள் கங்கா, இட்லித் தட்டைப் பார்த்து.

அந்த நேரம் பார்த்துப் பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் ப்ரீதி போனோடு ஓடிவந்தாள். "சித்தி, திரும்பு! அப்படியே கைய கட்டிகினு நில்லு. ஐயோ, செம கெத்து சித்தி!" படம் எடுத்தாள், ஸ்டேட்டஸில் போட்டாள். முத்துச்செல்வி தெருமுனை தாண்டுவதற்குள் ப்ரீதியின் வகுப்பே இதயம் இதயமாக அனுப்பித் தள்ளியது.

"என் படத்த என்னிக்காச்சும் போட்டுக்கிறியாடி?" என்று கேட்டாள் கங்கா.

ப்ரீதி போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நீ இன்னாம்மா பண்ற, போடறதுக்கு?"

பெற்ற மகள் கேட்ட கேள்வி. கங்கா இட்லித் தட்டைத் தூக்கி ணங்கென்று வைத்ததோடு சரி.

*

அவள் என்ன பண்ணுகிறாள் என்று மகளுக்குத் தெரியாவிட்டால் போகட்டும், நமக்குத் தெரிய வேண்டும்.

கங்கா தினமும் காலை ட்ரிப்புக்குப் புருஷனோடு முன் சீட்டில் உட்கார்ந்து போகிறவள். டிக்கெட் காசு வாங்குவது மட்டும் அவள் வேலை இல்லை. கை பார்ப்பதும் அவள்தான்.

இந்த ரோட்டு ஷேர் ஆட்டோவுக்கு ஸ்டாப் என்று ஒன்று கிடையாது. எங்கே கை நீளுகிறதோ அங்கே நிற்கும். மழையோ வெயிலோ, பின்னால் டிரெய்லர் லாரி ஹார்ன் அடித்துக் காதைக் கிழித்தாலும் சரி, கை காட்டின ஆளை விட்டுவிட்டுப் போகக் கூடாது. ஒரு முறை விட்டுவிட்டுப் போனால் அந்த ஆள் மறுநாள் வேறு வண்டிக்கு நிற்பான். பகலவன் ரோட்டைப் பார்ப்பான், கங்கா கையைப் பார்ப்பாள். "எடை மேடகிட்ட ஒரு கை", "சந்துல ஒரு அம்மா ஓடியாறாங்க, இரு" என்று சொல்லிக்கொண்டே வருவாள். இந்த ரோட்டில் எந்தப் பெண் எந்த கேட்டில் நிற்பாள், எவளுக்கு எந்த ஷிஃப்ட் என்பதெல்லாம் கங்காவுக்கு அத்துபடி.

ஆனால் அவள் ஆசைப்பட்டது முன் சீட்டில் இடப் பக்கம் உட்காருவதற்கு இல்லை. வலப் பக்கம் உட்காருவதற்கு.

கல்யாணமான புதிதில் கேட்டாள். "எனக்கும் ஓட்டக் கத்துக்குடேன். நீ சாப்பிடப் போற நேரத்துல நான் ஒரு ட்ரிப் அடிச்சிகினு வரேன்." பகலவன் சிரித்த சிரிப்பு இன்னும் அவள் காதில் இருக்கிறது. "நீ ஓட்டினா ஸ்டாண்டுல ஒருத்தன் என்ன மதிப்பானாடி? பொண்டாட்டி சம்பாத்தியத்துல உக்காந்து துன்றான்னு பேசுவானுங்க." அதோடு வாயை மூடிக்கொண்டவள் மறுபடி கேட்கவே இல்லை. ஆசை போய்விட்டது என்று பகலவன் நினைத்தான். ஆண்கள் அப்படித்தான் நினைப்பார்கள்.

*

ஸ்ரீபெரும்புதூர் ஸ்டாண்டில் அன்று ஒரே கொண்டாட்டம். நம் ஆட்களுக்கு இல்லை, பஸ்ஸுக்கு.

ஒரு காலத்தில் இங்கே ஷேர் ஆட்டோக்கள் பழக்கடை வரைக்கும் வரிசை கட்டி நிற்கும். ஷிஃப்ட் விடுகிற நேரம் யார் டர்ன் என்று சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். முதலில் கம்பெனிகள் சொந்தமாக பஸ் விட்டன, ஷிஃப்ட் கூட்டம் போயிற்று. பிறகு பையன்கள் தவணையில் பைக் எடுத்தார்கள். அப்புறம் செல்போனில் தட்டினால் வாசலுக்கே வருகிற பைக் டாக்ஸி. ஸ்டாண்டு வண்டிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஒன்றில் இளநீர் விற்கிறார்கள், ஒன்று தெருத் தெருவாகப் பழைய இரும்பு எடுக்கிறது. மிச்சம் இருந்தது ஹாஸ்டல் பெண்களும், ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போகிறவர்களும்தான். அவர்களை ஏற்றிக்கொள்ளத்தான் இப்போது பளபளவென்று வந்து நிற்கிறது பஸ்.

பலூன் கட்டி, சந்தனம் தெளித்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். டிரைவர் சீட்டில் முத்துச்செல்வி. கண்ணாடிக்கு வெளியே நாலைந்து பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பகலவனின் வண்டியில் வழக்கமாக ஏறுகிற ஹாஸ்டல் பெண் சந்தனமாரி ஓடிவந்தாள். "எக்கா, இன்னைக்கு ஒரு நாளு மட்டும் அதுல போய்ப் பாக்கேன். ஏசி எப்படி இருக்குன்னு. கோவிச்சுக்கிடாதிய."

"போம்மா, போ. உன்ன புடிச்சா வச்சிக்கிறேன்?" என்றாள் கங்கா. ஒரு நாள் மட்டுமாம். யாருக்கு வேண்டும் இந்தச் சமாதானம்?

எலுமிச்சம்பழம் நசுங்கியது. பஸ் சத்தமே இல்லாமல் நகர்ந்து போயிற்று. பகலவனின் வண்டியில் ஒரு மூட்டைக் கீரையும் அதைக் கொண்டுவந்த பெரியவரும் மட்டும் இருந்தார்கள்.

ஸ்டாண்டு செயலாளர் தளவாய் டீ கிளாஸோடு வந்தார். தெற்கிலிருந்து வந்து இங்கேயே வேர் விட்ட மனுஷர். "பகலவா, கவலப்படாத. உன் தம்பி பொண்டாட்டி ஒரு வாரம் தாங்க மாட்டா."

"ஏன்?" என்று கேட்டது கங்கா.

"ஸ்டாப் இல்லாத இடத்துல நிப்பாட்டுனா அன்னைக்கே சீட்டு கிழிஞ்சிரும்லா. அதான் கண்டிஷன். பஸ் கம்பெனி சூப்பர்வைசர் ஒருத்தன் டூவீலர்ல பின்னாலயே சுத்துதான். இந்த ரோட்டு சனத்துக்கு ஸ்டாப் ஏது? கண்ட இடத்துலயும் கையக் காட்டும். இவ நம்ம வண்டியிலயே போயி வந்த புள்ள. காலு தானா பிரேக்குக்குப் போயிரும் பாத்துக்க."

கங்கா புருஷனின் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சமாவது கோபம், கொஞ்சமாவது சந்தோஷம் வர வேண்டாமா? அவன் பஸ் போன திக்கையே பார்த்துக்கொண்டு நின்றான்.

'இந்த ஆளுக்குச் சூடு சொரணையே இல்ல' என்று நினைத்துக்கொண்டாள்.

"தல வலிக்குது. நான் வூட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த டர்ன் வண்டியில் ஏறினாள். பிள்ளைப்பாக்கம் கூட்ரோட்டில் இறங்கினாள். வீட்டுக்குப் போகிற தெருவில் திரும்பவில்லை. நேராக எடை மேடைக்கு நடந்தாள்.

*

லாரிகளை எடை போடும் இடம் அது. இரண்டு பக்கமும் ஸ்டாப் கிடையாது. ஆனால் ஷேர் ஆட்டோவுக்கு அங்கே எப்போதும் ஒரு கையாவது நீளும்.

வெயில் ஏறிவிட்டது. கங்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். மனசுக்குள் கணக்கு சுத்தமாக இருந்தது. முத்துச்செல்வி நிறுத்தினால் வேலை போகும். நிறுத்தாமல் போனால், 'பாத்தீங்களா, பஸ்ல ஏறி உக்காந்ததும் அக்காவே கண்ணுக்குத் தெரியல' என்று சாயங்காலம் வீட்டில் எல்லார் முன்னாலும் கேட்கலாம். எப்படி விழுந்தாலும் தனக்குத்தான் பழம்.

தப்பு என்று தெரியுமா? தெரியும். நன்றாகவே தெரியும். ஆனால் காலையில் கேட்டாளே மகள், 'நீ இன்னாம்மா பண்ற' என்று? அது அப்போதிலிருந்து அவள் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு மட்டும் நீலச் சட்டை. எனக்கு மாவுக் கை. அவ நேத்து வந்தவ. நான் இந்த ரோட்டுலயே கெடந்தவ. எனக்கில்லாதது அவளுக்கு எதுக்கு?

ஒரகடத்திலிருந்து பஸ் திரும்பி வந்தது. சத்தமே இல்லாததால் கிட்டத்தில் வந்த பிறகுதான் கங்கா பார்த்தாள். கையை நீட்டினாள்.

கண்ணாடிக்குள் முத்துச்செல்வியின் முகம் தெரிந்தது. அவளும் பார்த்துவிட்டாள். பஸ் அவளைத் தாண்டியது. நிறுத்தவில்லையே! பத்தடி போய் பஸ் நின்றது. கதவு திறந்தது.

"ஏறுங்கக்கா, வெரசா!"

கங்கா ஏறினாள். ஜில்லென்று காற்று முகத்தில் அடித்தது. கதவு மூடுவதற்குள் டூவீலர் ஒன்று சர்ரென்று வந்து பஸ்ஸுக்கு முன்னால் குறுக்கே நின்றது.

சூப்பர்வைசர் சிவசங்கர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே ஏறினார். "என்னம்மா இது? இங்க ஸ்டாப் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்புறம் ஏன் நிறுத்தின?"

"கை காட்டுனாவ சார்."

"கை காட்டினா நிறுத்திடுவியா? இதென்ன ஷேர் ஆட்டோவா? காலையில அவ்ளோ தூரம் படிச்சுப் படிச்சு சொன்னேனே! டிரெய்லர் வர்ற ரோடும்மா இது. பின்னால வந்து இடிச்சா யாரு பதில் சொல்றது?" அவர் போனை எடுத்தார். "நீ இறங்கிடு. வேற டிரைவர வரச் சொல்றேன்."

முத்துச்செல்வி இறங்கவில்லை. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னாலிருந்து ஒருவர், "முதல் நாள்தானே சார், விடுங்க" என்றார். இன்னொருவர், "அதுக்குத்தான் பொம்பளைங்ககிட்ட வண்டியக் குடுக்கக் கூடாதுன்றது" என்றார். கங்காவுக்கு அந்த ஆளைத் திரும்பிப் பார்த்து ஒரு அறை விடலாம் போல இருந்தது. ஏன் அப்படித் தோன்றியது என்று அவளுக்கே புரியவில்லை. அவள் கேட்க ஆசைப்பட்டு வந்ததே இதைத்தானே?

சிவசங்கர் இப்போது கங்காவின் பக்கம் திரும்பினார். "நீங்க யாரும்மா? இங்க எதுக்குக் கை காட்டினீங்க?"

பதில் சந்தனமாரியிடமிருந்து வந்தது. ஏசி பிடித்துப்போய் இறங்காமலே திரும்பிக்கொண்டிருந்தாள் போல. "இவிய நம்ம ஷேர் ஆட்டோ கங்கா அக்கால்லா சார்!"

அவள் நல்லதாக நினைத்துத்தான் சொன்னாள். சிவசங்கரின் முகம் மாறிவிட்டது. "ஓ. ஷேர் ஆட்டோவா? அப்போ இது செட்டப். வேணும்னே நிறுத்த வச்சிருக்கீங்க."

"அவியள ஒண்ணும் கேக்காதிய சார்" என்று முத்துச்செல்வி குறுக்கே விழுந்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "அவிய கை காட்டுனாவ, அவ்ளோதான். நிப்பாட்டுனது நானு. தப்பு என் மேலதான். நான் இறங்கிடுதேன்."

சீட் பெல்ட்டைக் கழற்றினாள்.

கங்காவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இதிலும் இவளே பெரிய மனுஷியா? வேலை போகிறது, ஊர் பார்க்கிறது, அப்போதும் என்னைக் காப்பாற்றிவிட்டுப் போகிறாளா? சாயங்காலம் வீட்டில் எல்லாரும் இவளுக்குத்தான் 'உச்' கொட்டுவார்கள். ப்ரீதி இவளைக் கட்டிக்கொண்டு அழுவாள். நான்?

"ஏம்மா, உடம்பு கிடம்பு சரியில்லாம நிறுத்தினீங்களா?" சிவசங்கர் கடைசியாகக் கேட்டார். பாவம், அவருக்கும் முதல் நாளே டிரைவரைத் தூக்கினோம் என்று மேலே சொல்ல இஷ்டமில்லை. "மயக்கம், நெஞ்சு வலி, பிரசவம், அந்த மாதிரின்னா மட்டும்தான் நடு ரோட்டுல நிறுத்தலாம். அப்படி ஏதாவது இருந்தா சொல்லுங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க."

பஸ்ஸே கங்காவின் வாயைப் பார்த்தது. 'இல்ல' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முத்துச்செல்வி திரும்பிப் பார்க்கவில்லை.

கங்கா கம்பியைப் பிடித்தாள். மெள்ளச் சரிந்து படியிலேயே உட்கார்ந்தாள்.

"நெஞ்சு அடைச்சிகிச்சி சார். கண்ணு இருட்டிடுச்சி. யாருன்னு கூடப் பாக்கல, எந்த வண்டி வந்தாலும் நிறுத்தலாம்னு கைய நீட்டினேன். இந்தப் பொண்ணு நிறுத்தலன்னா அங்கயே உழுந்திருப்பேன்."

"ஐயய்யோ, தண்ணி குடுங்கப்பா!" என்று பின்னாலிருந்து பாட்டில் வந்தது. பொம்பளைங்ககிட்ட வண்டி கொடுக்கக் கூடாது என்றாரே, அவர்தான் முதலில் மூடியைத் திறந்து கொடுத்தார்.

தண்ணீரைக் குடிக்கும்போது கங்காவுக்குள் ஒரு தித்திப்பு இறங்கியது. நல்ல காரியம் செய்த தித்திப்பு என்று நினைத்துவிடாதீர்கள். இனி முத்துச்செல்வி இந்த வண்டியை ஓட்டுகிற ஒவ்வொரு நாளும் அது கங்கா போட்ட பிச்சை. நீலச் சட்டை அவளுடையதாக இருக்கலாம். அதை அவள் உடம்பில் விட்டுவைத்தது யார்? இந்த நினைப்பு வந்ததும் காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் நிஜமாகவே இறங்கிவிட்டது.

சிவசங்கர் பெருமூச்சு விட்டார். "சரி. எமர்ஜென்சின்னு சொல்லிக்கிறேன். ஆனா நீங்க ஷேர் ஆட்டோக்காரங்கன்றதால ஆபீஸ்ல நம்ப மாட்டாங்க. திங்கட்கிழமை நீங்களே நேர்ல வந்து இதையே சொல்லணும். அதுவரைக்கும் இந்தப் பொண்ணு ஓட்டட்டும். அங்க வேற மாதிரி சொன்னீங்கன்னா இவ வேலை போயிடும், பாத்துக்குங்க."

*

பின்னாலேயே பகலவனின் வண்டி வந்து நின்றது. பஸ்ஸைச் சுற்றிக் கூட்டத்தைப் பார்த்ததும் இறங்கி ஓடிவந்தான். சிவசங்கர் அவனை யாரோ என்று நினைத்து, "இவங்கள ஆஸ்பத்திரியில விட்டுடுப்பா" என்றார்.

முத்துச்செல்வி இறங்கி வந்து கங்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடத்தினாள். பத்தடி தூரம்தான். அதற்குள் அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

"அக்கா, உங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும். எனக்காவத்தான பொய் சொன்னீய?"

"சரி, சரி, அழாத" என்றாள் கங்கா, பெரிய மனுஷியாக.

"இதுக்கு மேல உங்ககிட்ட ஒண்ண மறைச்சேன்னா நான் மனுசியே இல்லக்கா. உங்க வீட்டு அத்தான்தான் சொல்லாதேன்னு சொன்னாவ. உங்க மனசு சங்கடப்படும்னு. எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுத்ததே அத்தான்தான். ஓட்டத் தெரிஞ்சாத்தான பஸ் ட்ரெய்னிங்ல சேத்துக்கிடுவாவ. போன வருசம் ஞாயித்துக்கெழமதோறும், சிப்காட் ரோட்டுல, இந்த ஆட்டோவுலதான். கை காட்டுனா யாரா இருந்தாலும் விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு சொல்லிச் சொல்லிக் கத்துக்குடுத்தாவ. அந்தப் பழக்கம்தான் இன்னைக்கு..."

மேலே சொல்ல விடாமல் பஸ் ஹார்ன் அடித்தது. முத்துச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

கங்கா நின்ற இடத்தில் நின்றாள். இறங்கின பாரம் இரண்டு மடங்காகத் திரும்பி ஏறியது. பிச்சை போட்டது அவள் இல்லை. அவள் புருஷன். அவள் கேட்டபோது சிரித்துவிட்டு இல்லை என்றானே, அதே பிச்சை.

வண்டி கிளம்பியது. பகலவன் அவள் பக்கம் திரும்பினான். "எப்போலேர்ந்துடி வலிக்குது? காலையில தலவலின்னியே, அப்பவே சொல்லக் கூடாதா?"

"எப்போலேர்ந்துன்னு நான் கேக்கறேன்" என்றாள் கங்கா. "எப்போலேர்ந்து அவளுக்கு வண்டி கத்துக்குடுத்த?"

வண்டி தானாக ஓரம் கட்டியது மாதிரி நின்றது. பகலவன் ரோட்டைப் பார்த்தான்.

"சொல்லிட்டாளா?"

"கறிக்கடையில கூட்டம், கறிக்கடையில கூட்டம்னு ஞாயித்துக்கெழம லேட்டா வருவியே. கடைக்காரன் ஆட்டையே அப்பதான் வளக்கறான் போலன்னு நானும் நெனச்சேன்."

"தம்பி வந்து கேட்டான் கங்கா. மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

"பொண்டாட்டி கேட்டா மட்டும் சொல்லலாமா?"

அவன் சாவியைத் திருகி வண்டியை அணைத்தான்.

"நான் ஓட்டினா ஸ்டாண்டுல சிரிப்பாங்கன்ன. அவ ஓட்டினா சிரிக்க மாட்டாங்களா?"

"ஸ்டாண்டே இருக்காதுன்னு தெரிஞ்சிபோச்சி. அப்புறம் எவன் சிரிச்சா இன்னா?" பகலவன் கைலியால் முகத்தைத் துடைத்தான். "இந்த வண்டியும் முடிஞ்சிடுச்சி கங்கா. காஞ்சிபுரத்துல ஒருத்தன், கறிக்கோழி ஏத்தறதுக்குக் கேட்டான். பேசி முடிச்சிட்டேன். வர்ற ஞாயித்துக்கெழம வந்து எடுத்துகினு போயிடுவான். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் ரெண்டு நாளா முழிச்சிகினு இருந்தேன்."

கங்கா கையை நீட்டி முன் கம்பியைத் தொட்டாள். இத்தனை வருஷம் பிடித்துப் பிடித்து அவள் கை படும் இடத்தில் மட்டும் பெயின்ட் போயிருந்தது. இதையும் விற்றுவிட்டான். கேட்கக்கூட இல்லை.

"நாம முடிஞ்சிட்டோம்" என்றான் பகலவன். "வூட்ல யாராச்சும் ஒருத்தராவது பொழைச்சிக்கட்டும்னுதான் அவளுக்குக் கத்துக்குடுத்தேன்."

"அந்த ஒருத்தரு நானா இருக்கக் கூடாதா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனுஷனுக்கு அப்படி ஒன்று தோன்றவே இல்லை. தோன்றியும் மறுத்திருந்தால்கூட கங்காவுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அவள் இறங்கினாள்.

"எங்க போற? ஆஸ்பத்திரிக்குப் போலாம், ஏறு."

"எனக்கு ஒண்ணும் இல்ல. பொய் சொன்னேன்." முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். "திங்கக்கெழம ஆபீசுக்கு வந்து சொல்லணுமாம். நான் சொல்றதுலதான் அவ வேல இருக்குதாம். அங்க போய் நான் இன்னா சொல்வேன்னு எனக்கே தெரியல. உன் சிஷ்யப் பொண்ணுகிட்ட சொல்லி வை."

சொல்லிவிட்டு நடந்தாள். வீட்டுப் பக்கம் இல்லை.